கருத்துப்படத்தில் இணைப்புச் சொல்: அறிவியல் புரிதலும் தமிழ்த் தொடரமைப்பும்

அறிவியல் பயிலும் மாணவன் எதனைப் புரிந்துகொண்டுள்ளான் என்பதை அவன் எழுதும் விடையைக் கொண்டு மட்டும் அறிந்துவிட இயலாது. 'தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின் மூலம் தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன' என்று பிழையின்றி எழுதும் மாணவனிடம், ஒரு பெருமரத்தின் உடலாக நிற்கும் அவ்வளவு பொருளும் எங்கிருந்து வந்தது என வினவினால், 'மண்ணிலிருந்து' என்று விடை வருவதுண்டு. முதல் விடை பாடநூலினுடையது, இரண்டாவதே அவனுடையது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை வெளிப்படுத்தும் கருவிகளுள் ஒன்று கருத்துப்படம். அது ஆங்கிலச் சூழலில் உருவானது. ஆங்கிலத் தொடரின் சொல்வரிசை அதன் வடிவத்திலேயே படிந்துள்ளது. அதனைத் தமிழில் கையாளும்போது எழும் சில இலக்கணச் சிக்கல்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

கருவியின் தோற்றம்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலிநாடா வழி அறிவியல் பாடங்களைக் கற்பித்து, அக்குழந்தைகளின் புரிதல் ஆண்டுதோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை நேர்காணல்கள் மூலம் பின்தொடர்ந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவ்வாய்வின் முடிவுகள் 1991இல் வெளியிடப்பட்டன. நேர்காணல்களை எழுத்தில் பெயர்த்தபோது பக்கங்கள் பெருகினவே அன்றி, குழந்தையின் மனத்தில் நிகழ்ந்த மாற்றம் தெளிவாகப் புலப்படவில்லை. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க 1972இல் அக்குழுவினர் கண்ட வழியே கருத்துப்படம். குழந்தை கூறிய கருத்துகளைக் கட்டங்களில் இட்டு, அவற்றிடையே கோடு வரைந்து, கோட்டின்மேல் அவ்விரு கருத்துகளின் உறவைச் சொல்லால் எழுதினர். இதற்குப் பின்புலமாக அமைந்தது டேவிட் ஆசுபெல் 1963இல் விளக்கிய பொருளுணர் கற்றல் கொள்கை. புதிய கருத்து, கற்பவன் முன்னரே அறிந்த கருத்துடன் பிணைப்புறும்போதுதான் பொருள் பெறுகிறது. பிணைப்புறாதது மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது என்பது அக்கொள்கையின் சாரம்.

எனவே, கருத்துப்படத்தின் அடிப்படை அலகு கட்டத்திலுள்ள சொல் அன்று. 'கருத்து – இணைப்புச் சொல் – கருத்து' என்னும் மூன்றும் சேர்ந்து உண்டாகும் கூற்றே அதன் அலகு. கூற்று மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். தனிச்சொல் அவ்வாறு இருக்க இயலாது. நோவாக்கும் போப் கோவினும் 1984இல் வெளியிட்ட நூலில் மதிப்பிடும் முறையையும் வகுத்துள்ளனர். பொருத்தமான ஒவ்வொரு கூற்றுக்கும் 1 புள்ளி, ஒவ்வொரு படிநிலைக்கும் 5, படத்தின் வெவ்வேறு பகுதிகளை இணைக்கும் பொருள்பொதிந்த குறுக்கிணைப்புக்கு 10 என்பது அம்முறை. கிளை கிளையாகப் பிரியும் மனவரைபடம் இதனோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுகிறதெனினும், அதில் கோட்டின்மேல் உறவுச்சொல் எழுதும் கட்டாயமில்லை. ஆதலால் அது எதையும் கூறுவதில்லை, நினைவூட்டுகிறது, அவ்வளவே.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் 'கருத்து' என்பது அபிப்பிராயத்தையும், பொருளையும், கருத்துருவையும் ஒருசேரக் குறிக்கும். இலங்கைத் தமிழர் வழங்கும் 'எண்ணக்கரு' என்னும் சொல்லில் இம்மயக்கம் இல்லை. கலைச்சொல் என்ற அளவில் அதுவே செப்பமானது.

கற்கும் பாங்கு பற்றிய கருதுகோள்

சிலர் கண்ணால் கற்பவர், சிலர் செவியால் கற்பவர், சிலர் செய்து கற்பவர். கண்ணால் கற்பவர்க்கே கருத்துப்படம் உகந்தது என்னும் கூற்று ஆசிரியப் பயிற்சி நூல்களில் பரவலாக உள்ளது. மாணவர்க்கு விருப்பங்கள் வேறுபடுவது உண்மையே. ஆனால் விருப்பத்திற்கு இயையக் கற்பித்தால் கற்றல் மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லரும் பிறரும் 2008இல் வெளியிட்ட மதிப்பாய்வில் எடுத்துக்காட்டினர். ஆகவே, கருத்துப்படம் பயன் தருமாயின் அது படமாக இருப்பதால் அன்று. உறவைச் சொல்லால் கூறுமாறு கற்பவனைக் கட்டாயப்படுத்துவதால்தான் எனக் கருத இடமுண்டு. அதிலும் ஓர் எல்லை உள்ளது. பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்துப்படம் வரைந்த மாணவரைவிட, பாடத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்த மாணவரே பின்னர் நடந்த தேர்வில் மிகுதியாகப் பெற்றனர் என்பது ஜெஃப்ரி கார்ப்பிக்கும் ஜேனல் பிளண்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. பாடநூலைப் பாராமல் நினைவிலிருந்தே படத்தை வரையச் செய்தால் அதுவும் நினைவுகூர் பயிற்சியாகிப் பயன் தருகிறது என்று அவ்விருவரே 2014இல் காட்டினர். இணைப்புச் சொல்லை மாணவன் தன் மொழியில் தானே தேடி எடுக்க வேண்டும் என்பது இதனால் மேலும் வலுப்பெறுகிறது. தமிழ்வழி மாணவனுக்கு இடர் தொடங்குவதும் இங்கேதான்.

உருபு நிற்கும் இடம்

ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நிற்கிறது. முன்னிடைச் சொற்களும் தனிச்சொற்களாய் வினையையொட்டி வருகின்றன. ஆகவே கட்டம், கோடு, கட்டம் என்று படித்தால் அது தானே வாக்கியமாகிறது. தமிழில் வினை இறுதியில் நிற்பது. உறவைக் காட்டும் வேற்றுமை உருபோ பெயருடன் ஒட்டியது. 'உப்பு – கரைகிறது – நீர்' என்பது தமிழ் வாக்கியம் அன்று. 'நீரில்' என்று கட்டத்திலேயே எழுதினால் வாக்கியம் நேராகும். ஆனால் அக்கட்டம் பொதுக் கருத்தாக நிற்கும் தகுதியை இழக்கும். ஏனெனில் அதே 'நீர்' வேறொரு கோட்டின்வழி ஆவியாக வேண்டும், மற்றொன்றின்வழி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பகுபட வேண்டும். உருபை மட்டும் பிரித்துக் கோட்டின்மேல் வைப்பதும் கைகூடாது. 'வெப்பம்' உருபேற்கும்போது 'வெப்பத்தை', 'வெப்பத்தால்' என அத்துச் சாரியை பெறுகிறது. 'ஆறு', 'ஆற்றில்' என ஒற்று இரட்டுகிறது. கட்டத்திலுள்ள சொல்லே உருமாறுவதால் உருபு தனித்துக் கழன்று வருவதில்லை.

இவ்விடரைத் தவிர்க்க மாணவரும் பாடநூலாரும் எளிதில் கைக்கொள்வது பெயர்ச்சொல்லை இணைப்பாக இடுவது: 'பயன்', 'வகை', 'காரணம்', 'பண்பு'. 'வெப்பம் – காரணம் – ஆவியாதல்' என்று எழுதிய மாணவன், வெப்பத்தால் ஆவியாதல் நிகழ்கிறது என்கிறானா, ஆவியாதலால் வெப்பம் உண்டாகிறது என்கிறானா? முதற்கூற்று ஏற்கத்தக்கது; இரண்டாவது பிழை. படத்தைத் திருத்தும் ஆசிரியர் தாம் அறிந்த சரியான பொருளையே அதில் ஏற்றிப் படித்துப் புள்ளி வழங்கிவிடுவார். மாணவனின் தவறான புரிதலை வெளிக்கொணர வேண்டிய கருவி, அதனை மறைத்துவைக்கும் கருவியாகிவிடுகிறது.

உணவுச் சங்கிலியில் இம்மயக்கம் இன்னும் கூர்மையாகிறது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்னும் வரிசையில் அம்புக்குறி ஆற்றல் செல்லும் திசையைக் காட்டுகிறது. உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிச் செல்கிறது. கருத்துப்படத்தின் அம்புக்குறியோ கூற்றைப் படிக்கும் திசையைக் காட்டுவது. 'தவளை – தின்னும் – பாம்பு' என ஒரு மாணவன் எழுதினால், அம்பின்வழிப் படிப்பவர்க்குத் தவளை பாம்பைத் தின்கிறது. தமிழ்ப் பெயரெச்சத் தொடராகப் படிப்பவர்க்குப் பாம்பு தவளையைத் தின்கிறது. வினைமுதலும் செயப்படுபொருளும் இவ்வாறு இடம் மாறித் தடுமாறும் தொடர்களைத் தொல்காப்பியம் வேற்றுமைமயங்கியலில் தடுமாறு தொழிற்பெயர் என்று குறித்துள்ளது. அம்மாணவனுக்கு ஏற்பட்டது அறிவியற் பிழையா, இலக்கண மயக்கமா என்பதைப் படம் ஒன்றை மட்டும் கொண்டு துணிய முடியாது.

தமிழுக்கு இயைந்த இணைப்புகள்

தமிழிலேயே இதற்கு வழி உண்டு. வினையைத் தொழிற்பெயராக்கினால் பெயர்ப்பயனிலை கொண்ட தொடர் அமைகிறது: 'தாவரம் – உறிஞ்சுவது – நீர்', 'பாம்பு – தின்பது – தவளை'. இறுதிப்பெயர் உருபேற்க வேண்டுவதில்லை. சொல்வரிசையும் கட்டங்களின் வரிசையோடு ஒத்துப்போகிறது. எனினும் மொழியியலார் பிளவு வாக்கியம் என வழங்கும் இவ்வமைப்பு இறுதிப்பெயருக்கு அழுத்தம் தருவது. 'தாவரம் உறிஞ்சுவது நீர்' என்றால் நீரை மட்டுமே என்னும் தொனி உண்டாகிறது. அதே கட்டத்திலிருந்து தாது உப்புகளுக்கும் ஒரு கோடு செல்லுமாயின், 'உறிஞ்சுபவற்றுள் ஒன்று' என எழுதுவது தேவையாகும்.

இடம், கருவி, காலம் முதலிய உறவுகளுக்குத் தொழிற்பெயர் போதாது. 'கரைவது' என்றாலும் 'நீரில்' என்றே முடிக்க வேண்டியிருக்கும். அங்குப் பெயரெச்சமும் அது கொண்டு முடியும் பெயருமே துணைசெய்கின்றன. பெயரெச்சம் கொண்டு முடியும் பொருள்களாக நன்னூல் கூறும் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறும், அறிவியல் கருத்துப்படத்திற்கு வேண்டிய உறவுகளில் பெரும்பாலானவற்றை அடக்கிக்கொள்கின்றன. 'ஒளிச்சேர்க்கை – நிகழும் இடம் – பசுங்கணிகம்', 'ஒளிச்சேர்க்கை – வெளிவிடும் வாயு – ஆக்சிஜன்', 'உப்பு – கரையும் திரவம் – நீர்' என உருபின் பணியை முடிக்கும் பெயரே ஏற்கிறது. இதில் ஒரு விலையும் உண்டு. 'வாயு' என்றும் 'திரவம்' என்றும் வகைப்பெயரை இணைப்பிலேயே கூறுவதால், ஆங்கிலப் படத்தில் இல்லாத ஒரு செய்தி தமிழ்ப் படத்தில் கூடுகிறது. மாணவன் தானே எழுதும்போது இது நன்மையே. ஆக்சிஜன் வாயு என்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். வெற்றிடம் விட்டு நிரப்பச் சொல்லும் தேர்வுத்தாளை மொழிபெயர்க்கும்போது அது விடையைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பாகிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்க்குக் கட்டச் சொற்கள் ஒரு பட்டியலாகவும் இணைப்புச் சொற்கள் மற்றொரு பட்டியலாகவும் தரப்படின், மேற்கூறிய எதனையும் அவர் செய்ய இயலாது. ஒவ்வொரு கூற்றையும் முழுவாக்கியமாக முதலில் தமிழில் எழுதி, பின்னர் அதனைக் கட்டங்களாகவும் கோடாகவும் பிரித்தல் வேண்டும். எந்நாட்டு மாணவர்க்கான படம் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 'நிறை – அளக்கும் அலகு – நியூட்டன்' என்பது இலங்கைத் தமிழ்மாணவன் எழுதினால் சரியான கூற்று. அங்கு நிறை என்பது புவியீர்ப்பு விசை. தமிழ்நாட்டு மாணவன் எழுதினால் பிழை. இங்கு நிறை என்பது பொருளின் அளவு, அதன் அலகு கிலோகிராம். இலங்கையில் அதற்குத் திணிவு என்று பெயர். அங்கு நிறை எனப்படுவது இங்கு எடை.