பள்ளிக்கு நாங்கள் மாற்றின வழி

மகளுக்கு ஆஸ்துமா. லண்டனில் பள்ளிக்குப் பெரிய ரோட்டோரமாகத்தான் நடப்போம்; அதுதான் கிட்ட. போன குளிர்காலம் பம்ப் அடிக்கடி தேவைப்பட்டபோதுதான் நகரத்தின் காற்று மாசு வரைபடத்தைத் திறந்தேன்.

பிஎம் 2.5 துகள், தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் அடிவரை போகும். தெருவுக்குத் தெரு கருவி வைக்க முடியாது. அதனால் வாகனப் புகை, டயர் பிரேக் தூசி, விறகு அடுப்பு, காற்றின் போக்கு எல்லாம் கணக்கிட்டு, 20 மீட்டர் கட்டங்களாக வரைந்து, கருவிகள் காட்டும் அளவோடு ஒப்பிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். எங்கள் ரோடு அதற்கு மேல். பின்தெருவும் மேல்தான், ஆனால் கொஞ்சம் குறைவு.

லூயிஷமில் பெரிய ரோட்டருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸி-டெப்ரா 2013-இல், 9 வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இப்போது பின்தெருவால் போகிறோம்.

"அப்பா, இது தூரம்!"

"தூரம்தான் செல்லம், வா."

ஒன்றே ஒன்று கேட்கிறேன்: பள்ளி வாசலில் காத்திருக்கும்போது கார் எஞ்சினை நிப்பாட்டுங்கோ.