மொட்டை மாடிக்கு இன்னொரு அடுக்கு தேவையா? வெயில் காலத்துக்கு முன் ஒரு கணக்கு

வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. அப்பா, அம்மா நீடாமங்கலத்தில். சித்திரை பிறந்ததும் போனில் ஒரே பேச்சு: "மாடி ரூம்ல படுக்கவே முடியலப்பா, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் ஃபேன் அனல் காத்துதான் அடிக்குது." ஏற்கெனவே சுருக்கி போட்டு தட்டோடு பதிச்ச மாடிதான். அதுக்கு மேல இன்னொரு அடுக்கு போடலாமா, ஃபால்ஸ் சீலிங் அடிக்கலாமா, வெள்ளை பெயின்ட் போதுமா? ஆளுக்கொரு யோசனை சொல்வாங்க. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முன்னாடி இவ்வளவு சூடு இல்லையே, ஏன்?

வயசானவங்க சொல்றது நினைவு மயக்கம் மட்டும் இல்ல. டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கும் அறைக்கும் நடுவே மச்சு இருந்தது. வெயில் சூடேற்றியது ஓட்டையும் மச்சுக் காற்றையும்தான். அறைக்கு அது மெதுவாகவே வந்தது. கீற்றுக் கூரையும் நல்ல வெப்பத் தடுப்பு. ஆனால் மழை, தீ, புயல் மூன்றுக்கும் அது தாங்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அதைக் காட்டிவிட்டுப் போனது. கான்கிரீட் வீடு பாதுகாப்பானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூரைக்கும் அறைக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி போய்விட்டது.

கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கீழே விடும். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறைக்குள் புழுக்கம்.

எவ்வளவு போட்டால் எவ்வளவு குறையும்?

கூரை வழியே வெப்பம் எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்பதை 'யு மதிப்பு' என்று அளக்கிறார்கள். வெளியே உள்ளேயைவிட ஒரு டிகிரி கூடுதல் சூடு என்றால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியே எத்தனை வாட் வெப்பம் வருகிறது என்பதே அது. எண் குறைவாக இருந்தால் நல்லது. தோராயக் கணக்கு இது:

• 6 அங்குல வெறும் கான்கிரீட்: 3.3
• அதன் மேல் 4 அங்குல சுருக்கி, தட்டோடு: 2.2
• அத்துடன் 1 அங்குல எக்ஸ்பிஎஸ் ஃபோம் போர்டு: 0.8
• 2 அங்குலம்: 0.5
• 3 அங்குலம்: 0.3

முதல் அங்குலம் மட்டுமே வெப்பத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. இரண்டாவதில் ஆதாயம் கொஞ்சம்தான். மூன்றாவதுக்குக் கொடுக்கிற காசு கண்ணுக்கே தெரியாது. மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு 2018இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' வீட்டுக் கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 1.2. ஒரு அங்குலத்திலேயே அதற்குள் வந்துவிடலாம்.

சுருக்கி மேலயே இன்னொரு சுருக்கி?

வேண்டாம். 4 அங்குல சுருக்கி 100 சதுர அடிக்கே சுமார் ஒன்றரை டன் எடை. பழைய தளத்தின் தலையில் அவ்வளவு பாரம் ஏற்றியும் யு மதிப்பு 1.7 அளவில்தான் நிற்கும். பஞ்சு மாதிரி எடையுள்ள ஃபோம் போர்டு அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

ஃபால்ஸ் சீலிங் ஈஸிதானே?

ஈஸிதான். ஆனால் அது கான்கிரீட்டுக்குக் கீழே உட்காருகிறது. தளம் வழக்கம்போலக் கொதிக்கும். ஐப்பசி மழையில் கசிவு இருந்தாலும், கம்பி துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது. சாதா தெர்மாகோல் என்றால் தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. முடிந்தவரை தடுப்பு தளத்துக்கு மேலேயே இருக்கட்டும். வாட்டர்ப்ரூஃபிங் செய்து, ஃபோம் போர்டு வைத்து, அதன்மேல் கான்கிரீட் பூச்சும் ஓடும்.

அப்போ வெள்ளை பெயின்ட்?

முதலில் செய்ய வேண்டியதே அதுதான். பாசி படிந்து கறுத்த மாடி, விழுகிற வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். நல்ல கூல் ரூஃப் பெயின்ட் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா 2023இல் இதற்கென்றே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதாவது, இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. ராத்திரியிலும் உடம்பு சூடு தணியாமல் போவது வயசானவர்களுக்கு உயிர் ஆபத்து.

ஒரு நிபந்தனை: தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். வருஷா வருஷம் மாசி, பங்குனியில் மாடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு அடித்தாலும் வேலை செய்யும். மழையில் கரைவதால் அடுத்த வருஷம் மறுபடி அடிக்கணும்.

சரி, எப்படி முடிவெடுப்பது?

முதலில் ஒரு சோதனை. ஒரு அறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். அந்த அறையிலும் பக்கத்து அறையிலும் ஒரு சாதாரண தெர்மாமீட்டர் மாட்டி, ஒரு வாரம் இரவு 9 மணிக்கு அப்பாவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு:

• மேலே இன்னொரு மாடி இருந்தால், கீழ்த்தளத்துக்கு எதுவும் தேவையில்லை.
• ஏசி இல்லை, சோதனையில் வித்தியாசம் தெரிகிறது என்றால் மாடி முழுக்க வெள்ளை. ராத்திரி எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும்.
• தினமும் ஏசி ஓடுகிறது, அல்லது வெள்ளை அடித்தும் சீலிங் கொதிக்கிறது என்றால் தளத்துக்கு மேல் ஒரு அங்குல போர்டு.
• ஏற்கெனவே ஒரு அங்குலம் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். மிச்சப் பணத்தை மேற்குச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நிழல் தரச் செலவழியுங்கள்.
• சோலார் பேனல் போடுகிற யோசனை இருந்தால், கசிவு வேலையையும் இந்த வேலையையும் முதலில் முடியுங்கள். பேனல் ஏறிய பிறகு அடியில் வேலை பார்ப்பது கஷ்டம். பேனலின் நிழலும் மாடிக்கு லாபம்தான்.

கொத்தனாரிடம் "எத்தனை அடுக்கு போடலாம்?" என்று கேட்பதற்கு முன்னால் "தளத்தில் கசிவு இருக்கா?" என்று கேளுங்கள். ஈரம் கோத்த தளத்தின் மேல் எதைப் போட்டாலும் காசு வீண்.