இறுவட்டுப் பதிவின் தோல்விகள்: சில குறிப்புகள்

2006ஆம் ஆண்டில் சிறு நாடாக்களிற் பதியப்பட்ட இரு மணி நேர நாட்டுக்கூத்து ஒன்றினை டீவீடி இறுவட்டிலே தருமாறு, மறைந்த அண்ணாவியார் ஒருவரின் குடும்பத்தினர் எம்மைக் கேட்டிருந்தனர். அவர்கள் வீட்டிலிருப்பவை தொலைக்காட்சியும் பழைய இறுவட்டு இயக்கியுமே. அண்ணாவியாரின் துணைவியாருக்குக் கண்பார்வை குன்றிவந்தமையாற் காலந்தாழ்த்தவும் இயலாதிருந்தது. எனினும் வீட்டுப் பாவனைக்குரிய தொகுப்பு மென்பொருளிலே காட்சிகளைச் செம்மைசெய்து பதிவுக்கான பொத்தானை அழுத்தியபோதெல்லாம், 'பதிவு தோல்வியடைந்தது' என்ற ஒற்றை வாக்கியமே திரையில் தோன்றிற்று. இறுவட்டுத்தான் பழுதென முடிவுசெய்து மூன்று இறுவட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கினோம்.

அம்முடிவு தவறானது. அது ஏன் தவறானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பதி' என்னும் ஒரு பொத்தானுக்குள்ளே மூன்று வேறுபட்ட வேலைகள் அடங்கியுள்ளன. காட்சியையும் ஒலியையும் டீவீடி ஏற்கும் எம்பெக்-2 வடிவுக்குச் சுருக்குதல் முதலாவது. அவற்றைத் தெரிவுப்பட்டியலுடன் சேர்த்து, இயக்கி எதிர்பார்க்கும் கோப்பு ஒழுங்கில் அமைத்தல் இரண்டாவது. ஒளிக்கதிரினால் இறுவட்டின் சாயப்படையிற் பொறித்தல் மூன்றாவது. இம்மூன்றில் எது முறிந்தாலும் மென்பொருள் ஒரே வாக்கியத்தையே உரைக்கின்றது. உழைப்பின் படிகளை மறைத்து விளைபொருளை மாத்திரங் காட்டுவது பண்டத்தின் இயல்பென்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது இவ்வேலைகளைப் பிரித்தலேயாகும். இறுவட்டுக்கு நேரே எழுதாது, வட்டுப்படிமமாக, அதாவது இறுவட்டின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒரே கோப்பாக, வன்தட்டில் எழுதுமாறு மென்பொருளைப் பணித்தல் வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு வழியுண்டு. படிமம் உருவாகாவிடின் இறுவட்டும் பதிவுக்கருவியும் குற்றமற்றவை. எமக்கு நேர்ந்தது இதுவே. படிமம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. நாம் ஒதுக்கிய மூன்று இறுவட்டுகளும் ஒளிக்கதிர் தீண்டாத வெற்றுத் தட்டுகளாகவே இருந்தன!

காரணம் இடம் பற்றியதாகும். சிறு நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றப்படும் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 13 கிகாபைட் கொள்ளும். இரு மணி நேரத்துக்கு 26. சுருக்கிய வடிவுக்கு நான்குக்கு மேல். படிமத்துக்கு மீண்டும் அவ்வளவு. எமது மடிக்கணினியில் இவ்வளவு இடமில்லாமையால் வெளி வன்தட்டொன்றைத் தற்காலிக இடமாகக் காட்டியிருந்தோம். அதில் நிறைய இடமிருந்தது. ஆயின் அது ஃபாட் 32 என்னும் பழைய ஒழுங்கில் அமைந்திருந்தது. அவ்வொழுங்கில் எந்தத் தனிக்கோப்பும் ஏறத்தாழ 430 கோடி பைட்டை விஞ்ச முடியாது. நிறைந்த இறுவட்டொன்றின் படிமமோ 470 கோடியை அண்மிக்கும். உள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றி, அவ்வன்தட்டை என்.ரி.எவ்.எஸ். ஒழுங்கில் மீளமைத்ததும் படிமம் தடையின்றி உருவாயிற்று.

இறுவட்டின் மேலுறை கூறும் 4.7 கிகாபைட் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. உற்பத்தியாளர் கோடிக்கணக்கிற் பதின்ம முறையில் எண்ணுகின்றனர்; கணினியோ 1,024இன் மடங்குகளில் எண்ணி அதே கொள்ளளவை 4.38 எனக் காட்டுகின்றது. செக்கனுக்கு 8 மெகாபிட் வீதத்திற் சுருக்கினால் ஏறத்தாழ 78 நிமிடமே அடங்கும். இரு மணி நேரம் அடங்கவேண்டுமாயின் ஒலியையுஞ் சேர்த்து 5 மெகாபிட் அளவுக்கு இறங்கவேண்டும். கூத்தின் ஆட்ட வேகத்தில் இவ்விழப்பு கண்ணுக்குப் புலப்படும். இரு இறுவட்டுகளாகப் பிரிப்பதே நன்று என்பது எமது கருத்து. குடும்பத்தினர் ஒன்றாகவே விரும்பினர்.

படிமம் சரியாயிருந்தும் பொறித்தல் தோற்குமாயின், அப்போதுதான் இறுவட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே வணிகப்பெயருடன் விற்கப்படும் இறுவட்டுகள் வெவ்வேறு தொழிற்சாலைகளில் உருவாகக்கூடும். உண்மையான உற்பத்தியாளரைச் சுட்டுங் குறியீடு மேலுறையிலன்றி இறுவட்டின் உள்விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுக்கருவி அக்குறியீட்டைக் கொண்டே ஒளிக்கதிரின் வலுவைத் தீர்மானிக்கின்றது. சாயம் தரங்குறைந்ததாயினும், வில்லையில் தூசி படிந்திருப்பினும், முன்னோட்ட அளவீட்டிலேயே கருவி பின்வாங்கிவிடும். அதியுயர் வேகத்தைத் தவிர்த்து இடைப்பட்ட வேகத்தைத் தெரிதல் பயன்தரும். மிகக் குறைந்த வேகமே சிறந்தது என்ற பரவலான நம்பிக்கை எல்லா இறுவட்டுக்கும் பொருந்தாது. அதிவேகத்துக்கென ஆக்கப்பட்ட சாயம் அவ்வேகத்திற் பிழைபடுவதுமுண்டு.

கூட்டற்குறியும் கழித்தற்குறியும் கொண்ட இருவகை இறுவட்டுகள் ஏன் உள்ளன என்பது தொழினுட்ப வினாவன்று. பயனியர் நிறுவனம் 1997இல் வெளிக்கொணர்ந்த டீவீடி-ஆர் வடிவுக்கு எதிராக, 2002இல் மற்றொரு நிறுவனக் கூட்டணி டீவீடி+ஆர் வடிவைச் சந்தைக்கு விட்டது. காப்புரிமைப் போட்டியின் சுமை பாவனையாளன் தலையில் விழுந்தது. பின்வந்த கருவிகள் இரண்டையும் ஏற்பினும், பழைய இயக்கிகளுக்கு முன்னையதே பொதுவாகப் பாதுகாப்பானது. பதிவை 'முடித்துவைக்கும்' இறுதிப்படியைத் தவறவிட்ட இறுவட்டு, பதிந்த கணினியில் ஓடினும் வீட்டு இயக்கியில் ஓடாதிருக்கலாம்.

அண்ணாவியாரின் மகனார் ரொறன்ரோவுக்கும் ஒரு பிரதி வேண்டினார். இலங்கையின் பால் முறையில் செக்கனுக்கு 25 சட்டங்கள். வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. முறையில் 29.97. அங்குள்ள இயக்கிகள் பல பால் இறுவட்டை ஏற்பதில்லை. அப்பிரதியை வேறாகச் சுருக்க நேர்ந்தது.

இத்தகைய மென்பொருள்களைப் பேணுவோரும் இன்று அருகிவிட்டனர். விஸ்ராவுடன் 2007இல் வந்த விண்டோஸ் டீவீடி மேக்கர் 2012இன் விண்டோஸ் 8இல் இடம்பெறவில்லை. அப்பிள் நிறுவனமும் தனது ஐடீவீடியைக் கைவிட்டது. இந்நிலையில், படிமத்தைத் தொகுப்பு மென்பொருளிலும் பொறித்தலை இம்ஜ்பேர்ன் போன்ற தனிக்கருவியிலும் செய்தலே நம்பகமான வழியாகும். நாம் அவ்வாறே செய்தோம். முதற்பிரதி அவர்கள் இயக்கியிற் பாதியில் தடைப்பட்டது. வேறு உற்பத்தியாளரின் இறுவட்டில், எட்டு மடங்கு வேகத்தில், இரண்டாவது பிரதியைப் பொறித்தோம். அண்ணாவியாரின் துணைவியார் தொலைக்காட்சிக்கு ஒரு முழ தூரத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு, விடியக்காலத்து மங்களம் வரை எழாமல் இருந்து பார்த்தார். படிமத்தின் பிரதிகள் இரு வேறு வன்தட்டுகளில் உள்ளன. நாடாக்களை உரியவரிடமே ஒப்படைத்தோம்.