ரயிலேறி வந்த நீலச் சிலந்தி

நமது சங்க மலரில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் பாலம், சுரங்கப்பாதை, தண்டவாளம் இவற்றைப் பற்றித்தான். இந்த முறை ஒரு சிலந்தியைப் பற்றி எழுதுகிறேன். ‘ரிடையரான ரயில்வேக்காரனுக்குச் சிலந்தியோடு என்ன சம்பந்தம்?’ என்று அன்பர்கள் கேட்கலாம். இந்தச் சிலந்தியை உலகம் முதன்முதலில் அறிந்ததே ஒரு ரயில்வே மரக்கிடங்கில்தான்.

சென்ற பொங்கல் விழா முடிந்து வீடு திரும்பிய அன்று இரவு, எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையன் வந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். “தாத்தா, நீங்க குத்தியில வேலை பார்த்திருக்கீங்கள்ல? இதைப் பாருங்க” என்று செல்போனை நீட்டினான். படத்தில் உள்ளங்கையை விடப் பெரிய ஒரு சிலந்தி. கால்களும் முதுகும் அப்படி ஒரு நீலம். கால்களில் இடையிடையே மஞ்சள், முதுகில் கோலம் போட்டது போல வெளிர்நிறக் கோடுகள். கீழே ‘கூட்டி சஃபையர்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சஃபையர் என்றால் நீலக்கல்.

கூட்டி என்பது வேறு ஊரல்ல. தெலுங்கர் வாயில் அழகாக ஒலிக்கும் குத்தி, வெள்ளைக்காரர்களின் எழுத்துக்கூட்டலில் அப்படி ஆகிவிட்டது. சென்னையிலிருந்து மும்பை செல்லும் பாதையில் குண்டக்கல்லுக்கு முன்னால் வரும் ஜங்ஷன். அனந்தபூர் மாவட்டம். ரயிலிலிருந்தே மலைக்கோட்டை தெரியும். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக நிற்கிறாரே தாமஸ் மன்றோ, அவர் 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தபோது முதலில் அடக்கம் செய்ததும் இந்தக் குத்தியில்தான். (இதை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.)

பையன் விஷயத்துக்கு வருகிறேன். யாரோ ஒருவன் அவனிடம் இருபத்தைந்தாயிரம் ரூபாய் விலை சொல்லி, ஐயாயிரம் முன்பணம் கேட்டிருக்கிறான். “கூண்டில் பிறந்தது அல்ல, காட்டிலிருந்து நேராகப் பிடித்தது. மற்றதை விட நீலம் தூக்கலாக இருக்கும், தனி ரகம்” என்பது அவன் சொன்ன பெருமை. பையன் அப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம் கடன் கேட்கத்தான் வந்திருந்தான். இரண்டு நாள் பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டு, நான் படிக்க ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே தருகிறேன்.

டரான்டுலா எனப்படும் பெரிய மயிர்ச்சிலந்திகளை வீட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது மேலைநாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. நாம் மீன் தொட்டி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்தலை சேர்ப்பவர்களுக்கு அச்சுப்பிழையான தலை எப்படியோ, இவர்களுக்கு அபூர்வ நிறம் அப்படி. தென் அமெரிக்காவின் சிலி நாட்டு ரோஜா நிறச் சிலந்தியில்கூடச் சிவப்பு அதிகமாக உள்ளதைத் தனிப் பெயரிட்டுத் தனியாகத் தேடுவார்கள். எல்லா நிறங்களிலும் அவர்கள் உச்சியில் வைப்பது நீலம். அந்த நீலத்தில் புகழ்பெற்றவற்றுள் ஒன்று நம் குத்திச் சிலந்தி.

இதை 1899ஆம் ஆண்டு விவரித்துப் பெயர் வைத்தவர் ரெஜினால்ட் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். பொயிசிலோதீரியா மெட்டாலிக்கா என்பது அவர் வைத்த பெயர். உலோகம் போல் மினுமினுப்பதால் மெட்டாலிக்கா. அவருக்குக் கிடைத்த ஒரே மாதிரி, குத்தி ரயில்வே மரக்கிடங்கில் பிடிபட்டது. அதனால் ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இது யார் கண்ணிலும் படவில்லை. குத்தியைச் சுற்றி எவ்வளவு தேடியும் பயனில்லை.

எப்படிக் கிடைக்கும்? குத்தியில் மரம் ஏது? பாறையும் வெயிலும்தான். இது மரப்பொந்தில் வாழும் சிலந்தி. காட்டு மரத்தின் பொந்துக்குள்ளேயே இருந்து, அந்த மரத்தோடு வெட்டப்பட்டு, வண்டியில் ஏறிக் குத்தி வந்து சேர்ந்தது என்பதே இப்போதைய முடிவு. அந்நாளில் ரயில்வேக்கு ஸ்லீப்பர் கட்டைக்கும் மரம், பல எஞ்சின்களுக்கு எரிபொருளும் மரம். 102 ஆண்டுகள் கழித்து 2001இல் இது மீண்டும் காணப்பட்டது குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடகிழக்கே, நல்லமலைப் பக்கம், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில்!

இதைப் படித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நந்தியால் – கித்தலூர் அன்று மீட்டர்கேஜ் பாதை. 1990களில்தான் அகலப்பாதை ஆனது. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த சில ஆண்டுகளில், பி.டபிள்யு.ஐ.யாக டிராலியில் உட்கார்ந்து நான் போய்வந்த பாதை அது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நிறத்தை முடித்துவிடுவோம்.

இந்த நீலம் சாயம் அல்ல. துணியில் நீலச்சாயம் இருப்பது போல் இதன் உடலில் நீலப் பொருள் எதுவும் கிடையாது. லோகோ ஷெட்டில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஒரு சொட்டு டீசல் விழுந்தால் வானவில் போல் நிறம் விரியும், பார்த்திருப்பீர்கள். டீசலில் அந்த நிறங்கள் இல்லை, தண்ணீரிலும் இல்லை. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுப்பெறும், சில அழியும். மயில் தோகையும் இப்படித்தான். இந்தச் சிலந்தியின் மயிர்களுக்குள்ளும் அதே வேலையைச் செய்யும் மிக நுண்ணிய அமைப்பு இருக்கிறது. அது திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 450 பங்கு. தண்டவாள இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்ப்பதையே பெரிய துல்லியம் என்று நினைத்திருந்தவன் நான்!

2015இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, டரான்டுலாக்களின் பரம்பரையில் நீலம் குறைந்தது எட்டு முறையாவது தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று காட்டியது. மயிரின் உள்ளமைப்பு இனத்துக்கு இனம் வேறுபட்டாலும், கிடைக்கும் நீலம் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். இரவில் திரியும் பிராணிக்கு நிறம் எதற்கு என்பது நீண்ட நாள் கேள்வி. இவற்றின் கண்களில் நிறம் பிரித்தறிய வேண்டிய மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று 2020இல் இன்னொரு குழு கண்டது. ஆகவே துணையைக் கவர உதவலாம் என்கிறார்கள்.

‘தனி ரகம்’ என்று விற்பவன் சொன்னதற்கு இங்கேதான் பதில். குத்திச் சிலந்தியின் குஞ்சு வெளிர் ஊதாவாக இருக்கும். சட்டை உரித்து உரித்து வளர வளர நீலம் ஏறும். நன்கு வளர்ந்த பெண் சிலந்திக்குத்தான் முழு நீலம். ஆண் பருவமடைந்ததும் மங்கிவிடும், மூன்று நான்கு ஆண்டுகளில் ஆயுளும் முடிந்துவிடும். பெண் பதினோரு, பன்னிரண்டு ஆண்டுகள்கூட வாழும். எனவே தூக்கலான நீலம் என்பது வயதையும் பாலையும் பொறுத்தது. புகைப்படக்காரன் வைத்த விளக்கையும் பொறுத்தது. காட்டில் பிறந்ததற்கு ஒரு நீலம், கூண்டில் பிறந்ததற்கு ஒரு நீலம் என்று கிடையாது. ஆனாலும் காட்டிலிருந்து பிடித்தது, ‘புது ரத்தம்’ என்றால் கூடுதல் விலை தர ஆளிருக்கிறது. நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்பது போலத்தான்.

2001க்குப் பிறகு இது வெளிநாடு போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆரம்பத்தில் பல நூறு டாலர் விற்றது, பெருகப் பெருக விலை இறங்கியது. அங்கே கூண்டில் பிறந்ததை வளர்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களால் காட்டின் மீதுள்ள நெருக்கடி ஓரளவு குறைந்திருக்கவும் கூடும். விசித்திரம் என்னவென்றால், கடல்கடந்து கண்ணாடிப் பெட்டிகளில் பெருகிக் கிடக்கும் இந்தப் பிராணிக்குச் சொந்தக் காட்டில்தான் இடமில்லை. 2008இல் ஐ.யு.சி.என். அமைப்பு இதை ‘மிகவும் அழிவாபத்தில்’ உள்ள இனமாகச் சேர்த்தது. இது வாழும் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்று அப்போது கணக்கிட்டார்கள். அந்தக் காட்டிலும் விறகுக்கும் தடிக்கும் மரம் போய்க்கொண்டிருந்தது. இதற்கு எந்த மரமும் போதாது, பொந்துள்ள முதிய மரம் வேண்டும். பொந்துகள் குறைந்த இடத்தில் பல சிலந்திகள் ஒரே பொந்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஆகவே ஒரு மரத்தை வெட்டினால் ஒரு குடும்பமல்ல, ஒரு தெருவே போய்விடும்.

நம் ஊர்ப்பக்கச் செய்தி ஒன்று: 2020 செப்டம்பரில் செஞ்சிக்கு அருகே பக்கமலைக் காப்புக்காட்டில் இந்தச் சிலந்தி காணப்பட்டதாகப் பத்திரிகையில் வந்தது. இதன் உறவினம் ஒன்று ராமேசுவரத்தில் இருக்கிறது. அதற்கு அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே 2004இல் வைத்தார்கள். கோயில் புளியந்தோப்பில் கிடைத்ததாம். அதுவும் இதே அழிவாபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது.

சட்டம் வெகுநாள் இதைக் கவனிக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் புலி, மயில், சில வண்ணத்துப்பூச்சிகள்கூட உண்டு. இந்தச் சிலந்தி வெகுகாலம் இருந்ததில்லை. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு, இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று, இந்தப் பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் வைத்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது என்பது அதன் பொருள். சைட்டீஸ் பட்டியல்களை நம் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இப்படிப்பட்ட பிராணியை உயிருடன் வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காப்புக்காட்டில் பிடித்ததற்கு எந்தப் பதிவும் கிடைக்காது. கடி விஷயமும் உண்டு. இது கடித்து மனிதர் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் நாள்கணக்கில் வாட்டும். வேகமோ கண்மூடித் திறப்பதற்குள் ஆள் மறைந்துவிடும்.

இரண்டு நாள் கழித்துப் பையன் வந்தபோது இத்தனையும் சொன்னேன். சட்டத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. நிறம் ஏறும் கதையைச் சொன்னபோது கண் விரிந்தது. பிறகு நான் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

1986 என்று நினைவு. மழைக்காலத்துக்கு முன் பாதைமேல் சாய்ந்திருக்கும் மரங்களை அப்புறப்படுத்த வேண்டும். காட்டுப் பகுதியில் ஒரு வளைவில் பழைய கருமருது மரம் ஒன்று, நடுவில் பொந்து விழுந்து, பாதைப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வெட்டச் சொன்னேன். அதில் தவறில்லை. விழுந்திருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போது பொந்து பிளந்து, உள்ளிருந்து பெரிய சிலந்தி ஒன்று ஓடி வந்தது. “சாலெபுருகு, சாலெபுருகு!” என்று ஆட்கள் விலகினார்கள். ஜல்லிமேல் வெயிலில் ஒரு கணம் நின்றது. கால்களில் அந்த நீலம்! அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேட் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஜல்லி அள்ளும் மண்வெட்டியால் ஒரே போடு போட்டார். அவர்மேல் என்ன குற்றம்? வெறுங்காலோடு நின்று வேலை செய்யும் ஆட்கள். பிளந்த பொந்துக்குள் வேறு எத்தனை இருந்தன என்று நாங்கள் பார்க்கவில்லை. அடுத்த வண்டிக்கு முன் பாதையைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “எந்தக் கிலோமீட்டர் தாத்தா?” என்று கேட்டான்.

ரயில்வேக்காரனைக் கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் கால டைரிகள் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மறுநாள் இருவருமாக இறக்கித் தேடினோம். மூன்றாவது டைரியில் பக்கம் கிடைத்தது. கிலோமீட்டர் எண், வளைவின் அளவு, ‘சாய்ந்த மரம் 1 அகற்றப்பட்டது, ஆட்கள் 6, பாதை தடைப்பட்ட நேரம் 50 நிமிடம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சிலந்தியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பையன் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். முன்பணம் அனுப்பவில்லை. அடுத்த விடுமுறையில் நந்தியாலில் பகல் வண்டி ஏறிக் கித்தலூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாமா என்று கேட்டிருக்கிறான். முழங்கால் வலி இடம் கொடுத்தால் போய்வர எண்ணம்.