பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்ததா?

"என் வீட்டு மின்சாரத்துக்கு நான்தானே பணம் கட்டுகிறேன்? விளக்கு எரிந்தால் உமக்கென்ன?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் ஐவேளைத் தொழுகையாளிகளாகவும் இருப்பார்கள். ஸகாத்தைப் பைசா பிசகாமல் கணக்கிட்டுக் கொடுப்பவர்களாகவும் இருப்பார்கள். பொருள் தமதென்றால் அதை வீணாக்கும் உரிமையும் தமதே என்று எண்ணிவிடுகிறார்கள். மார்க்கம் அவ்வுரிமையை எவருக்கும் வழங்கவில்லை. ஹலாலான உணவிலும் இஸ்ராஃப் கூடாது என்பதன்றோ அல்அஃராஃப் அத்தியாயம் நமக்கு உணர்த்துவது!

உறங்குமுன் விளக்கை அணைக்குமாறு பணிக்கும் நபிமொழியைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். அங்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. எலி திரியை இழுத்து வீட்டுக்குத் தீ வைத்துவிடும் என்பதே அந்த எச்சரிக்கை. மின்விளக்கின் சிக்கனத்துக்கு அதனை வலிந்து பொருத்த வேண்டியதில்லை. வீண் விரயத்தின் மீதான தடையே போதுமானது.

இனி, "நான் கட்டுகிறேன்" என்னும் கூற்றையே சற்று ஆராய்வோம். 2016ஆம் ஆண்டு தமிழக அரசு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக்கியது. இலவசம் என்றால் செலவே இல்லை என்பதல்ல; அச்செலவை அரசு பொதுப்பணத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறது என்பதே பொருள். பொதுப்பணம் அமானிதம். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். ஆளில்லாத அறையில் நாள்தோறும் 5 மணி நேரம் அது வீணே சுழன்றால், இரு மாதத்தில் 22 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இலவசமாக வந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமானது காற்று வாங்க ஆளில்லாமலே கரைந்துவிட்டது!

கீசரைப் பாருங்கள். 2000 வாட் கருவி அரைமணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கும். ஸுப்ஹுக்கு முன் போட்டதை மறந்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றுவிடுகிறோம். நீர் ஆற ஆற அது மீண்டும் மீண்டும் சூடேற்றிக்கொண்டே இருக்கும். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதோ இரட்டை விரயம்: நீரும் போகிறது, மின்சாரமும் போகிறது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடும். ஏ.சி.யை 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வாரும் உளர்! 24 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் உடலுக்கும் சுகம். சூடான குழம்பை ஆறவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், வாரத் துணிகளை ஒரே தடவையில் இஸ்திரி போடுவதும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்தவையே. ஆண்கள்தாம் அறிய வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சித்திரை வெயிலில் முதிய தாயாரின் அறைக்குச் சென்று மின்விசிறியை நிறுத்திவிடாதீர்கள். அது சிக்கனமன்று, கஞ்சத்தனம். விரயத்துக்கும் உலோபத்துக்கும் நடுவே நிற்பவர்களையே அல்ஃபுர்கான் அத்தியாயம் போற்றுகிறது.

2012இல் நம் மாவட்டங்கள் மணிக்கணக்கில் இருளில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். விசைத்தறிகள் நின்றன, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தியை நாடினர். மாலை 6 முதல் 10 மணி வரை எல்லா வீடுகளும் ஒருசேர மின்சாரத்தைக் கேட்கின்றன. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மோட்டாரையும் இஸ்திரிப் பெட்டியையும் பகலிலேயே இயக்கிக்கொள்வதில் நமக்குச் சிரமம் என்ன இருக்கிறது?