கியர்ப்பெட்டியை மாற்றினால் கார் ஓடுமா?

பேருந்து ஓட்டுநர் கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்கிறார். சமதரையில் வேகம் பிடித்ததும் கூட்டுகிறார். எப்போது மாற்றவேண்டும் என்பதை அவர் எப்படி அறிகிறார்? இரண்டு செய்திகளைக் கொண்டுதான். வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்று. எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறது என்பது மற்றொன்று.

ஓட்டுநருக்குப் பதிலாகத் தானே கியர் மாற்றிக்கொள்ளும் தானியங்கிக் கியர்ப்பெட்டிக்கும் இதே இரண்டு செய்திகள் வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இத்தகைய பெட்டியைப் பொருத்தி விற்றது. அன்று முதல் இத்தேவை மாறவில்லை. செய்தி வந்துசேரும் வழிதான் மாறியிருக்கிறது. வழி மாறியதால் எழும் ஒரு சிக்கலை இங்கே காண்போம்.

அந்நிறுவனத்தின் செவர்லே கமாரோ என்னும் காரை எடுத்துக்கொள்வோம். 1993-ஆம் ஆண்டு மாடலில் இருந்த பெட்டியின் பெயர் 4எல்60. 1994 மாடலில் வந்தது 4எல்60-இ. முதலில் உள்ள 4, முன்னோக்கிச் செல்லும் கியர்களின் எண்ணிக்கை. கடைசியில் சேர்ந்த 'இ', எலெக்ட்ரானிக் என்பதன் சுருக்கம். 1993 காரின் பெட்டி கெட்டுவிட்டது, விபத்தில் நொறுங்கிய ஒரு 1994 காரின் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிடலாமா?

பார்த்தால் தடையே இல்லை. இரண்டு கார்களிலும் ஒரே வகை வி-8 எஞ்சின். பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் போல்ட் துளைகள் அப்படியே பொருந்துகின்றன. கியர் விகிதங்களும் ஒன்றே: முதல் கியரில் 3.06, இரண்டாவதில் 1.63, மூன்றாவதில் 1, நான்காவதில் 0.70. அதாவது, முதல் கியரில் பெட்டிக்குள் செல்லும் அச்சு 3.06 சுற்று சுற்றினால் வெளியே வரும் அச்சு ஒரே சுற்றுச் சுற்றும். முறுக்குவிசை அந்த அளவுக்குப் பெருகும்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது 1982-இல் வந்த 700ஆர்4 என்னும் பெட்டி. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் செல்லும் அச்சில் அப்போது 27 வரிப்பற்கள் இருந்தன. சில ஆண்டுகளில் அவை 30 ஆயின. 27-க்கு உரியதை 30-இல் செருகவே முடியாது. இத்தகைய பொருத்தமின்மை ஒருவகையில் நல்லது. கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும்; எவரையும் ஏமாற்றாது. 1993-க்கும் 1994-க்கும் இடையே உள்ளது ஏமாற்றும் வகையைச் சேர்ந்தது.

1993 பெட்டியில் வேகச் செய்தியைத் தருவது கவர்னர். வெளி அச்சோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகள் இதில் உண்டு. வேகம் கூடக்கூட அவை வெளிநோக்கி விலகும். எண்ணெய் அழுத்தம் உயரும். எஞ்சினின் பாட்டைத் தெரிவிப்பது ஒரு கேபிள். காலால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அந்தக் கேபிள் இழுபட்டு, வேறொரு வால்வின் வழியே இன்னோர் எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தும். கியர் மாற்றும் வால்வின் ஒரு முனையில் கவர்னரின் அழுத்தம். மறுமுனையில் கேபிளின் அழுத்தமும் ஒரு சுருள்வில்லும். கயிறு இழுக்கும் போட்டி போலத்தான். கவர்னர் வென்றால் அடுத்த கியர் விழும். ஆக்சிலரேட்டரை ஆழ மிதித்தால் கியர் தாமதமாக மாறுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

1994 பெட்டியில் கவர்னரும் இல்லை, கேபிளும் இல்லை. வெளி அச்சின் வேகத்தை ஓர் உணர்கருவி மின்துடிப்புகளாக அனுப்புகிறது. ஆக்சிலரேட்டரின் நிலையை மற்றொன்று தெரிவிக்கிறது. காரின் கணிப்பொறி இரண்டையும் பார்த்து முடிவு செய்து, இரண்டு மின்காந்த வால்வுகளுக்கு ஆணையிடுகிறது. நான்கு கியர்களுக்கு இரண்டே வால்வுகள் போதுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் இயங்கினால் முதல் கியர். இரண்டாவது மட்டும் இயங்கினால் இரண்டாம் கியர். இரண்டும் ஓய்ந்திருந்தால் மூன்றாம் கியர். முதலாவது மட்டும் இயங்கினால் நான்காம் கியர்.

இந்தப் பெட்டியை 1993 காரில் மாட்டினால் என்ன ஆகும்? அக்காரின் கணிப்பொறிக்கு இந்த வால்வுகளைப் பற்றி எதுவும் தெரியாது. மின்சாரம் வராததால் இரண்டும் ஓய்ந்திருக்கும். எனவே, கியர்த் தண்டை 'டி' நிலையில் வைத்தால் கார் மூன்றாம் கியரிலேயே புறப்படும்! முதல் கியரில் கிடைக்கும் இழுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கார் திணறித் திணறி நகரும். இது தற்செயல் அன்று. ஓடும்போது மின்கம்பி அறுந்துபோனாலும் வீடு வந்து சேரட்டும் என்று பொறியாளர்கள் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. மின்சாரம் இல்லாதபோது எண்ணெய் அழுத்தமும் உச்சத்தில் நிற்கும். ஆகவே கிளட்ச் தகடுகள் வழுக்குவதில்லை.

எதிர்த்திசையில் மாற்றுவதுதான் ஆபத்தானது. 1994 காரில் 1993 பெட்டியை மாட்டினால், அக்காரில் இல்லாத கேபிளைப் புதிதாகப் பொருத்தவேண்டும். அது சற்றே தளர்ந்திருந்தாலும் போதும்; எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கும்போது, 'இங்கே வேலை ஒன்றும் இல்லை' என்ற பொய்ச் செய்திதான் பெட்டிக்குப் போகும். அழுத்தம் குறையும். கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் உராய்ந்து, சூடேறிக் கருகும். ஓட்டுபவருக்கோ கியர் மெத்தென்று சீக்கிரமாக மாறுவதுபோல் தோன்றும்; மகிழ்ந்துகூடப் போவார்!

புதிய பெட்டியைப் பழைய காரில் வைக்க விரும்புவோர், அதற்கெனத் தனியாக விற்கப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியையும் உணர்கருவிகளையும் சேர்த்தே மாட்டுகின்றனர். பழையதை வைப்போர், கேபிளைச் சரிசெய்தபின் அழுத்தமானியை இணைத்து எண்ணெய் அழுத்தத்தை அளந்து பார்க்கின்றனர்.

எந்தப் பெட்டி எது என்பதைக் கழற்றாமலே அறியலாம். பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடி இருந்தால் அதற்குள்ளே கவர்னர் இருக்கிறது, அது 4எல்60. அந்த மூடி இன்றி, பல ஊசிகள் கொண்ட பெரிய மின்இணைப்பு இருந்தால் அது 4எல்60-இ.