கிரிவலத்துக்குக் கிளம்பும் முன்

பௌர்ணமி நெருங்கினால் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிய ரயிலை 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலை வரை நீட்டித்திருக்கிறார்கள். போய்ச் சேருவது முன்னைவிட எளிதாகிவிட்டது. மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை மட்டும் அதே 14 கிலோமீட்டர்தான். அதை வெறுங்காலில், பெரும்பாலும் இரவில், கூட்டத்தோடு கூட்டமாக நடக்க நான்கைந்து மணி நேரம் ஆகிறது. பெரிய நாட்களில் பேருந்துகளை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவதால், அங்கிருந்து வந்து சேரும் நடையும் திரும்பும் நடையும் தனிக்கணக்கு. இப்படி ஒரு பயணத்துக்கு நம் வீடுகளில் நடக்கும் ஏற்பாடு என்னவென்றால், முந்தின இரவு புளியோதரை கட்டுவதும் பையை நிரப்புவதும்தான். மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது பாதம் பற்றியது. அதைச் செய்தவருக்குப் பை தானாகவே சிறிதாகிவிடும்.

ஆண்டு முழுவதும் செருப்போடு பழகிய காலின் தோல், ஒரே இரவில் தார்ச்சாலையையும் சிமென்ட் தளத்தையும் பொடிக்கற்களையும் தாங்காது. தோலின் அடுக்குகள் ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப இழுபடும்போது நடுவில் நீர் கோத்துக் கொப்புளம் கிளம்புகிறது. ஈரத்தில் ஊறிய தோலில் அது இன்னும் சீக்கிரம் வரும். எனவே மழையில் நனைந்து நடப்பவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பாதையோரம் உள்ள அஷ்டலிங்கங்களின் சந்நிதி முன்னால் தரையைக் கவனித்தால் விளக்கு எண்ணெயும் நெய்யும் சிந்திப் பிசுபிசுத்துக் கிடக்கும். அணைந்தும் அணையாத கற்பூரம் அங்கங்கே கிடக்கும். எண்ணெயை மிதித்துவிட்டு நடக்கும் கால் அடுத்த கல்லில் எளிதாக வழுக்கும். இதற்கெல்லாம் மருந்துக்கடையில் விற்கும் எதுவும் முழுத் தீர்வு இல்லை. தோல் தடிப்பதற்கும் கணுக்கால், கெண்டைக்கால் தசைகள் பழகுவதற்கும் நாட்கள் வேண்டும். தினமும் மாலையில் மொட்டை மாடியிலோ ஊர்க் கோயில் பிராகாரத்திலோ வெறுங்காலில் அரை மணி நடந்து, வாராவாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார்கள். நெடுநாள் சர்க்கரை கால் நரம்புகளைப் பாதித்தால் உணர்ச்சி குறைந்துவிடும். கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாது, கற்பூரம் சுட்டாலும் தெரியாது. வீடு வந்து கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் புண் பட்டதே தெரியும். அப்படிப்பட்ட புண் ஆறாமல் முற்றி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. அதனால்தான் உணர்ச்சி குறைந்த காலோடு வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மணிக்கணக்கில் நடந்தால் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரலாம். மடியிலோ சட்டைப்பையிலோ நாலு சர்க்கரை மிட்டாய் இருக்க வேண்டும். கூட வருபவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

மலையே சிவலிங்கம், அதைச் செருப்புக் காலோடு சுற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் உணர்ச்சியற்ற காலை வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பது தவம் ஆகாது. அப்படிப்பட்ட கால் உள்ளவர்கள் மிதியடி அணிந்து நடந்து, ஒவ்வொரு சந்நிதியிலும் கழற்றிவிட்டு வணங்குவதே சரி என்பது என் முடிவு. தடித்த காலுறை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முள்ளையும் சில்லையும் காலுறை தடுக்காது. வலியைப் பொறுத்துக்கொண்டு விரைந்து முடிப்பதில்தான் பலன் என்பதும் மரபு சொல்வதல்ல. நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் மெல்ல நடக்க வேண்டும் என்றுதான் கிரிவலத்துக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். உடற்கூறும் அதையே சொல்கிறது. மெல்ல நடப்பவருக்கு உராய்வும் குறைவு, தடுக்கலும் குறைவு.

வழி நெடுகக் கடைகள் இருக்கின்றன, அன்னதானம் நடக்கிறது, சுக்குக் காபி கிடைக்கிறது, எதற்கு முன்னேற்பாடு என்பார்கள் சிலர். கிடைப்பது உண்மைதான். ஆகவேதான் சாப்பாட்டு மூட்டையும் போர்வையும் வேண்டாம் என்கிறேன். தோளில் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் வெறும் பாதத்தில்தான் இறங்குகிறது. ஆனால் நள்ளிரவில் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் நிற்கும்போது உங்களுக்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரையோ மாற்று மூக்குக்கண்ணாடியோ கடையில் கிடைக்காது. லட்சக்கணக்கானோர் திரளும் இரவில் செல்போன் சிக்னல் திணறும். சிக்னல் இல்லையென்றால் ஜிபே இல்லை. சில்லறையாகக் கொஞ்சம் பணம், குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு, பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்ற ஒரு பேச்சு, இவை போதும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பருத்தித் துண்டு ஒன்று, தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய், செருப்பைப் போட்டுக்கொள்ள ஒரு மஞ்சப்பை. செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டால் எட்டாவது கிலோமீட்டரில் கொப்புளம் உடைந்தவர் என்ன செய்வார்? கையோடு இருப்பதே நல்லது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பாட்டிலையும் தம்ளரையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தால் பாதையில் ஒரு குப்பை குறையும்.

பெண்கள் பலர் கழிப்பறையை நினைத்துக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இது மிகவும் தவறு. வியர்வையில் போகும் நீர் திரும்ப வராவிட்டால் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரலாம். கிரிவலப் பாதையில் கழிப்பறைகள் இருக்கின்றன. எவை எங்கே என்று முதலிலேயே விசாரித்துக்கொண்டு, வாய்ப்புக் கிடைத்த இடத்தில் பயன்படுத்திக்கொண்டு நடப்பதே வழி.

பௌர்ணமித் திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் காலண்டர் தேதியோடு ஒத்துப்போவதில்லை, சில மாதம் இரண்டு நாட்களில் பரவிவிடும். திரும்பும் டிக்கெட்டை அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வெயில் காலத்தில் பகல் தார்ச்சாலையை நினைத்தே பார்க்காதீர்கள். கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையடிவாரத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அதே மாதம் 13-ஆம் தேதி கார்த்திகை தீபத்தன்று பொதுமக்களை மலையேற விடவில்லை. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கார்த்திகையில் கிளம்பக் கூடாது.

அடுத்த பௌர்ணமிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்று மாலையே நடையைத் தொடங்குங்கள். வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அவருடைய பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.